பியாஃப்ராவின் கதையை எழுத யாருக்கு உரிமை? – ‘ஹாஃப் ஆஃப் எ யெல்லோ சன்’ நாவல் மதிப்புரை

நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா என்கோசி அடிச்சியின் ‘ஹாஃப் ஆஃப் எ யெல்லோ சன்’ 2006ஆம் ஆண்டு வெளிவந்தது. 1967 முதல் 1970 வரை நைஜீரியாவில் நடந்த உள்நாட்டுப் போரையும் அதற்கு முந்தைய சில ஆண்டுகளையும் களமாகக் கொண்ட இந்த ஆங்கில நாவல், 2007இல் பெண் எழுத்தாளர்களுக்கான ஆரஞ்சு பரிசைப் பெற்றது. அப்பரிசின் 25 ஆண்டு நிறைவையொட்டி 2020இல் நடந்த வாக்கெடுப்பில், அதுவரை பரிசு பெற்ற நாவல்கள் அனைத்திலும் சிறந்ததாக வாசகர்கள் இதையே தேர்ந்தார்கள். பரிசுகளைப் பார்த்துப் புத்தகம் வாங்குகிறவர்களுக்கு இந்தத் தகவல் போதுமானது. வேறு காரணம் கேட்பவர்களுக்காகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். ஒருவர் பேசும் மொழி அவருடைய உயிருக்கு உலையாவதையும், அதே மொழியறிவு பின்னர் அவருக்குச் சாட்சி சொல்லும் வலிமையைத் தருவதையும் இவ்வளவு பொறுமையாகப் பின்தொடர்ந்த இன்னொரு போர் நாவலை நான் படித்ததில்லை.

நாவலுக்குள் நுழையும் தமிழ் வாசகருக்குக் கொஞ்சம் வரலாறு தேவைப்படும். பிரிட்டிஷ் ஆட்சி 1914இல் வடக்கையும் தெற்கையும் ஒரே காலனியாக இணைத்தது. 1960 அக்டோபர் 1 அன்று நைஜீரியா விடுதலை பெற்றபோது, வடக்கில் ஹௌசா-ஃபுலானிகளும் மேற்கில் யோருபாக்களும் கிழக்கில் இக்போக்களும் பெரும்பான்மையாக இருந்த மூன்று மாநிலங்கள் ஒன்றையொன்று அஞ்சிக்கொண்டே ஒரு கூட்டாட்சிக்குள் இருந்தன. 1966 ஜனவரியில் இளம் ராணுவ அதிகாரிகள் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். பிரதமர் அபூபக்கர் தஃபாவா பலேவாவும் வடக்கின் பெருந்தலைவர் அஹ்மது பெல்லோவும் கொல்லப்பட்டார்கள். கவிழ்ப்பின் தலைவர்களில் பெரும்பாலோர் இக்போக்கள் என்பதால், வடக்கில் அது ஓர் இனத்தின் சதியாகவே பார்க்கப்பட்டது. ஜூலையில் வடக்கத்திய அதிகாரிகளின் எதிர்க்கவிழ்ப்பு நடந்தது. அந்த ஆண்டு முழுவதும் அலை அலையாக நடந்த கொலைகளில், வடக்கு நகரங்களில் தலைமுறைகளாக வாழ்ந்த இக்போக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிழக்கு நோக்கி ஓடினார்கள். 1967 மே 30 அன்று கிழக்கின் ஆளுநர் ஒடுமேக்வு ஒஜுக்வு பியாஃப்ரா என்ற தனிநாட்டை அறிவித்தார். ஜூலையில் போர் மூண்டது. முற்றுகையால் உண்டான பட்டினியே பீரங்கிகளைவிடப் பெரிய ஆயுதமாயிற்று. 1970 ஜனவரியில் பியாஃப்ரா சரணடைந்தபோது இறந்திருந்தவர்களின் தொகை 10 லட்சம் முதல் 30 லட்சம் வரை இருக்கும் என மதிப்பிடப்படுகிறது. நாவலின் தலைப்பு அந்த நாட்டின் கொடியிலிருந்து வந்தது: சிவப்பு, கறுப்பு, பச்சைப் பட்டைகள், நடுவே பாதி எழுந்த மஞ்சள் சூரியன்.

இவ்வளவையும் அடிச்சி பாடமாக நடத்துவதில்லை. மூன்று பேரின் அன்றாட வாழ்வுக்குள் இது கசிந்து வருகிறது. முதலாமவன் உக்வு, ஓபி என்ற கிராமத்திலிருந்து, என்சுக்கா பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பிக்கும் ஒடெனிக்போவின் வீட்டுக்கு வேலைக்கு அழைத்துவரப்படும் 13 வயதுச் சிறுவன். இரண்டாமவள் ஒலான்னா, லண்டனில் படித்த, செல்வந்தர் ஒருவரின் மகள், ஒடெனிக்போவின் காதலி. மூன்றாமவர் ரிச்சர்ட், இக்போ-உக்வுவில் கிடைத்த பழங்கால வெண்கலக் கலைப்பொருள்களின் மேல் கொண்ட மோகத்தால் நைஜீரியாவுக்கு வந்து, ஒலான்னாவின் இரட்டைச் சகோதரி கைனெனேயின் மேல் காதல் கொண்ட ஆங்கிலேயர். அறுபதுகளின் தொடக்கம், அறுபதுகளின் இறுதி, மீண்டும் தொடக்கம், மீண்டும் இறுதி என நான்கு பகுதிகளாகக் காலம் முன்பின்னாக அடுக்கப்பட்டிருக்கிறது. இதன் பயன் இரண்டாம் பகுதியைப் படிக்கும்போதே தெரிந்துவிடும். போரில் சிக்கியிருக்கும் இந்தக் குடும்பத்தில் ஏதோ ஒரு பழைய காயம் இருப்பதை உணர்ந்தும், அது என்னவென்று அறியாமல் நாம் அவர்களோடு ஓடிக்கொண்டிருக்கிறோம். நாட்டின் துரோகங்களும் வீட்டின் துரோகங்களும் ஒன்றுக்கொன்று விளக்கமாகிவிடாமல் அருகருகே இருக்கின்றன.

உக்வு முதன்முதலில் அந்த வீட்டுக்குள் நுழையும் பக்கங்களிலேயே மொழி ஒரு பாத்திரம்போல வந்துவிடுகிறது. எசமானர் பேசும் இக்போவில் ஆங்கிலத்தின் வழுக்கல் இருப்பதை அந்தச் சிறுவனின் காது உடனே பிடித்துக்கொள்கிறது. பிறகு ஒலான்னா வருகிறாள். அவளுடைய ஆங்கிலத்தைக் கேட்டதும், எசமானரின் ஆங்கிலம்தான் உலகிலேயே உயர்ந்தது என்று அவன் அதுவரை நம்பியிருந்தது கலைந்துபோகிறது. வானொலியில் கேட்கும் ஆங்கிலத்தைப் போல அது அவனுக்கு ஒளிவிடுகிறது. ஏழைச் சிறுவன் ஒருவன் தனக்கு எட்டாத மொழியின் மேல் கொள்ளும் இந்த ஆசையை அடிச்சி இகழ்வதும் இல்லை, அதற்காகப் பரிதாபப்படுவதும் இல்லை. அவன் கூர்மையாகக் கேட்கிறான், நினைவில் வைக்கிறான், பிறகு தானே பேசிப் பார்க்கிறான். ஒடெனிக்போ அவனைப் பள்ளியில் சேர்க்கும்போது சொல்லும் அறிவுரை இந்த நாவலின் திறவுகோல்களில் ஒன்று. நம் மண்ணைப் பற்றிப் பள்ளியில் சொல்லித் தருபவற்றுக்கு இரண்டு விடைகள் உண்டு என்கிறார் அவர். நைஜர் ஆற்றை மங்கோ பார்க் என்ற வெள்ளைக்காரர் கண்டுபிடித்தார் என்று பள்ளியில் சொல்லித் தருவார்கள்; அவருடைய தாத்தா பிறப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நம் மக்கள் அந்த ஆற்றில் மீன் பிடித்தார்கள் என்பதே உண்மை; ஆனாலும் தேர்வில் மங்கோ பார்க் என்றே எழுது. காலனிக் கல்வியின் வழியாகவே காலனியத்தைக் கடக்க வேண்டியிருந்த ஒரு தலைமுறையின் நெருக்கடி முழுவதும் இந்தச் சில வரிகளுக்குள் அடங்கிவிடுகிறது. ஆங்கிலவழிப் பள்ளியில் படித்த தமிழருக்கு இதில் விளக்க வேண்டியது எதுவும் இல்லை.

ஒடெனிக்போவின் வரவேற்பறையில் மாலைதோறும் கூடும் நண்பர்களின் வாக்குவாதங்களை, சமையலறை வாசலில் நின்றபடி உக்வு ஒட்டுக்கேட்கிறான். அவ்வாறான ஒரு மாலையில் ஒடெனிக்போ வாதிடுகிறார்: நான் நைஜீரியன் என்பது வெள்ளைக்காரன் நைஜீரியாவை உண்டாக்கியதால் வந்தது; நான் கறுப்பன் என்பதும் அவன் தன்னிலிருந்து என்னைப் பிரித்துக் காட்ட உண்டாக்கியது; அவன் வருவதற்கு முன்பே நான் இக்போவாக இருந்தேன். இதைக் கேட்கும் வாசகர் தலையசைக்கத் தொடங்கும்போதே பேராசிரியர் எசேகா குறுக்கிடுகிறார். நீ இக்போ என்பதை உணர்ந்ததே அந்த வெள்ளைக்காரனால்தானே என்கிறார். தனித்தனி ஊர்களாகவும் குடிகளாகவும் இருந்தவர்கள் ‘இக்போக்கள்’ என்று ஒன்றாகத் தங்களை நினைத்ததே அந்நிய ஆதிக்கத்தின் முன்னால்தான் என்பது அவருடைய வாதம். இனம் என்ற அடையாளமும் தேசத்தைப் போலவே, நிறத்தைப் போலவே காலனியத்தின் விளைபொருள் என்று அவர் சொல்லி முடிக்கும்போது, அந்த அறையில் யாரிடமும் தீர்வான விடை இல்லை. நாவலாசிரியரும் தரவில்லை. எனக்கு இந்த நாவலின் மேல் மதிப்பு உண்டாவது இங்கேதான். பியாஃப்ராவின் பக்கம் நின்று எழுதப்பட்ட நாவல் இது என்பதில் ஐயமில்லை. ஆயினும், பியாஃப்ரா எதன் பெயரால் பிறந்ததோ அந்த அடையாளத்தையே முதல் பகுதியிலேயே கேள்விக்கு உட்படுத்திவிட்டுத்தான் அது போருக்குள் நுழைகிறது. வரவேற்பறையில் இது ஒரு சுவையான விவாதம். அதே விவாதம் சில ஆண்டுகளில் தெருவுக்கு வருகிறது, அங்கே விடை சொல்லாமல் யாரும் தப்ப முடிவதில்லை.

அது தெருவுக்கு வரும் இடம் வடக்கிலுள்ள கானோ நகரின் விமான நிலையம். வெளிநாட்டிலிருந்து திரும்பும் ரிச்சர்ட் அங்கே விமானம் மாறக் காத்திருக்கும்போது, சுங்க அதிகாரியாகப் பணிபுரியும் ஓர் இளைஞனோடு இக்போவில் பேசத் தொடங்குகிறார். வெள்ளைக்காரர் ஒருவர் தன் மொழியைப் பேசுவதைக் கேட்டு அந்த இளைஞன் பூரித்துப் போகிறான். தன் ஊரையும் குடும்பத்தையும் பற்றிச் சொல்கிறான். சற்று நேரத்தில் ராணுவத்தினர் உள்ளே நுழைந்து இக்போக்களைத் தேடுகிறார்கள். அந்த இளைஞனிடம் ‘அல்லாஹு அக்பர்’ என்று சொல்லச் சொல்கிறார்கள். அவன் சொல்ல மறுத்து மௌனமாக நிற்கிறான். சொன்னால் தன் உச்சரிப்பே காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும். எப்படியாவது சொல்லிவிடு, முயன்றாவது பார் என்று ரிச்சர்ட் மனத்துக்குள் மன்றாடிக்கொண்டிருக்கும்போதே அவன் சுடப்படுகிறான். சில நிமிடங்களுக்கு முன்பு நட்பைத் தந்த அதே நாக்கு இப்போது மரண தண்டனைக்கான ஆதாரமாக மாறிவிடுகிறது. அடிச்சி இந்தக் காட்சியை நீட்டுவதில்லை, விளக்குவதும் இல்லை. 1983 ஜூலையில் இலங்கையில் வாகனங்களை மறித்து, பௌத்தப் பாசுரங்களைச் சொல்லச் சொல்லியும் சிங்களச் சொற்களை உச்சரிக்க வைத்தும் தமிழர்களைப் பிரித்தெடுத்ததை அறிந்தவர்களுக்கு, இந்தப் பக்கங்களைக் கடப்பது எளிதாக இருக்காது. பிறகு ரிச்சர்ட் அந்த இளைஞனின் ஊரான ஒபோசிக்குச் சென்று, அவன் குடும்பத்தாரைச் சந்திக்கும் காட்சி வருகிறது. படுகொலைகளை எழுதும் நாவல்களில் இறந்தவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகிவிடுகிறார்கள். இங்கே ஒரே ஒருவனுடைய மரணச் செய்தி அவன் வீட்டு வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்கப்படுகிறது.

அதே நாட்களில் ஒலான்னாவும் கானோவில் இருக்கிறாள். அவளுடைய மாமாவும் அத்தையும் அங்கே ஹௌசா அண்டைவீட்டாரோடு அவர்கள் மொழியிலேயே பேசி, வணிகம் செய்து வாழ்ந்தவர்கள். மாமாவின் நண்பராக அவ்வீட்டுக்கு வந்துபோன ஒருவரே கொலைக் கும்பலில் நிற்பதை ஒலான்னா பார்க்கிறாள்; முழுக் குடும்பத்தையும் முடித்துவிட்டோம் என்று ஹௌசாவில் எழும் கூச்சல் அவளுக்குப் புரிகிறது. அண்டைவீட்டாரின் மொழி தெரிந்திருப்பதால் வரும் துன்பத்தை இவ்வளவு நேரடியாகச் சொன்ன காட்சி வேறெங்கும் என் நினைவில் இல்லை. அவளைக் காப்பாற்றி ரயில் நிலையத்துக்கு அழைத்துச் செல்கிறவன் முகமது, அவளுடைய முன்னாள் காதலன், அவனும் ஹௌசாதான். கூட்டம் நெரியும் அந்த ரயிலில், மடியில் சுரைக்குடுக்கையை வைத்திருக்கும் ஒரு தாய், அதைத் திறந்து உள்ளே பார்க்குமாறு அருகிலிருப்பவர்களிடம் சொல்கிறாள். உள்ளே இருப்பது அவளுடைய சிறிய மகளின் தலை. அந்தத் தலைமுடியைப் பின்ன எவ்வளவு நேரமாயிற்று என்று அந்தத் தாய் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஊருக்குத் திரும்பிய ஒலான்னாவின் கால்கள் செயலிழக்கின்றன. பேச்சு நெடுநாள் வரவில்லை. அவள் அந்த ரயிலைப் பற்றி முதன்முதலில் முழுமையாகச் சொல்வது யாரிடம் என்பதை வாசகர் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இனி நாவலின் முடிவைத் தொட்டுப் பேச வேண்டியிருக்கிறது. அதைத் தவிர்த்து இந்த நாவலை மதிப்பிட இயலாது. முன்னறியாமல் படிக்க விரும்புகிறவர்கள், நாவலைப் படித்துவிட்டு மீதியை வாசிக்கலாம்.

அத்தியாயங்களுக்கு இடையே ‘நாங்கள் இறந்தபோது உலகம் மௌனமாக இருந்தது’ என்ற பொருளில் தலைப்பிட்ட இன்னொரு புத்தகத்தின் சிறு பகுதிகள் வருகின்றன. காலனி வரலாறு, விடுதலைக்குப் பிந்தைய பொருளாதாரம், பட்டினியைப் போர்க்கருவியாக்கிய கொள்கை, ஆயுதம் தந்த பிரிட்டனின் பங்கு ஆகியவை அவற்றில் சுருக்கமாகப் பேசப்படுகின்றன. அதை எழுதுகிறவர் ரிச்சர்ட் என்றே பெரும்பாலான வாசகர்கள் எண்ணுவார்கள். நாவலும் அப்படி எண்ண இடம் தருகிறது. ரிச்சர்ட் எழுத்தாளர், இக்போ கற்றவர், பியாஃப்ரா பிறந்ததும் ‘நாம்’ என்று பேசத் தொடங்குகிறவர். அவருடைய அன்பில் பொய் இல்லை. ஆயினும் கைனெனேயின் நண்பரான மாது என்ற ராணுவ அதிகாரி, ரிச்சர்ட் இக்போவில் கேட்டால் ஆங்கிலத்தில் விடை சொல்கிறார். வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதுமாறு அவர் ரிச்சர்டைக் கேட்கும்போது, நீங்கள் வெள்ளையர் என்பதால்தான் உங்களைக் கேட்கிறேன், உங்கள் எழுத்தைத்தான் அவர்கள் மதிப்பார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறார். மொழியைக் கற்பதால் ஒரு சமூகத்துக்குள் எவ்வளவு தூரம் போக முடியும், எந்த இடத்தில் கதவு மூடிக்கொள்ளும் என்ற கேள்வி ரிச்சர்டின் பாத்திரம் முழுவதும் ஓடுகிறது. இறுதியில், இந்தப் போர் நான் சொல்ல வேண்டிய கதை அல்ல என்று ரிச்சர்டே ஒப்புக்கொள்ளும்போது, எதிரே இருக்கும் உக்வு ஆமோதித்துத் தலையசைக்கிறான். அது அவருடைய கதை என்று அவன் ஒருபோதும் நினைத்ததில்லை.

அந்தப் புத்தகத்தை எழுதியவன் உக்வு. ஒலான்னா ரயில் காட்சியைச் சொன்னது அவனிடம்தான். எசமானரின் ஆங்கிலத்தை வாசலில் நின்று கேட்டுக் கேட்டுச் சேர்த்துக்கொண்ட சிறுவன், அந்த மொழியைத் தன் மக்களின் மரணத்தைப் பதிவுசெய்யும் கருவியாக்குகிறான். இவ்வளவோடு நின்றிருந்தால் இது ஒடுக்கப்பட்டவன் குரல் பெறும் நல்ல கதையாக மட்டும் இருந்திருக்கும். அடிச்சி அப்படி நிறுத்தவில்லை. தெருவில் நடந்துகொண்டிருந்த உக்வு வலுக்கட்டாயமாகப் பியாஃப்ராப் படையில் சேர்க்கப்படுகிறான். அங்கே அவனுக்கு ‘டார்கெட் டெஸ்ட்ராயர்’ என்று புதுப் பெயர் கிடைக்கிறது. படைத்தளத்தில், அமெரிக்க அடிமையாகப் பிறந்து தன் வரலாற்றைத் தானே எழுதிய ஃபிரெடெரிக் டக்ளஸின் நூல் அவன் கைக்கு வருகிறது. அதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறான். அதே நாட்களில்தான், மதுக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணை அவன் தோழர்கள் வன்புணரும்போது அவர்களுடைய கேலிக்கு அஞ்சி அவனும் அதில் பங்குகொள்கிறான். அந்தப் பெண்ணின் பார்வையில் இருந்த அமைதியான வெறுப்பு அவனைவிட்டு அகல்வதில்லை. போர் முடிந்து ஊர் திரும்பியபின், தன் தங்கை அனுலிக்காவும் எதிர்ப்படை வீரர்களால் அதே கொடுமைக்கு ஆளாகியிருப்பதை அறிகிறான். உள்நாட்டுப் போரின் சாட்சியாக வாசகர் நம்பி நேசித்த ஒருவனைக் குற்றவாளியாகவும் நிறுத்துவதற்கு ஒரு நாவலாசிரியருக்குப் பெரும் துணிவு வேண்டும். உக்வுவின் எழுத்தில் பிராயச்சித்தத்தின் தேவையும் கலந்திருக்கிறது என்பதை அடிச்சி வெளிப்படையாகச் சொல்லாமலேயே உணர வைக்கிறார். ‘நாங்கள் இறந்தபோது’ என்று எழுதும் கை, பிறருக்குக் கொடுமை செய்த கையும்தான். இந்த நாவலின் ஆகப் பெரிய சாதனை என்று நான் கருதுவது இதைத்தான்.

குறைகளும் உண்டு. இக்போ அல்லாத கிழக்கத்தியச் சிறுபான்மையினரான இஜாவ், எஃபிக், இபிபியோ, ஒகோனி மக்கள் பியாஃப்ராவுக்குள் எந்த நிலையில் இருந்தார்கள் என்பது நாவலில் ஓரிரு இடங்களில்தான் தலைகாட்டுகிறது. அகதி முகாமில் பணியாற்றும் சிறுபான்மையின மருத்துவர் ஒருவரை, எதிரிக்கு வழிகாட்டுகிறவர்கள் நீங்கள்தான் என்று ஒரு பெண் தூற்றுகிறாள். கைனெனே அவளை அறைந்து, நாம் எல்லோரும் பியாஃப்ரர்கள் என்கிறாள். காட்சி வலுவானது, கைனெனேயின் கோபமும் உண்மையானது. ஆனால் அந்த மருத்துவரின் உள்ளத்தில் என்ன ஓடியது என்று நாம் அறிவதில்லை. ஹௌசாக்களில் நெருங்கிப் பார்க்கக் கிடைக்கும் நல்ல மனிதன் முகமது ஒருவன்தான். அவனும் செல்வமும் அழகும் நிறைந்த இளவரசனாகவே இருந்துவிடுகிறான். ஒஜுக்வு பெரும்பாலும் வானொலிக் குரலாக வருவதால், அவருடைய தலைமையின் மீதான கடுமையான கேள்விகள் கைனெனேயின் சில கூரிய சொற்களோடு முடிந்துவிடுகின்றன.

இவற்றைவிட என்னை அதிகம் உறுத்தியது அமலாவின் மௌனம். ஒடெனிக்போவின் தாய், படித்த மருமகளை வெறுத்து, ஊரிலிருந்து அழைத்துவரும் ஏழைப் பெண் அமலா. அந்தத் தாயின் திட்டத்தாலும் மகனின் பொறுப்பின்மையாலும் அவள் கருவுறுகிறாள். பிறக்கும் குழந்தையை ஒலான்னா தன் மகளாக வளர்க்கிறாள். அமலா தோட்டத்தில் மிளகாயைப் பறித்துப் பறித்து வாயில் போட்டுக்கொள்வதை உக்வு ஒருநாள் பார்க்கிறான். கருவைக் கலைக்க முயல்கிறாள் என்பது அவனுக்கு விளங்குகிறது. அவளைப் பார்க்கிற ஒரே கண் அவனுடையதுதான். கதையை யார் சொல்வது என்ற கேள்வியை மையமாகக் கொண்ட நாவலில், ஏறத்தாழ எதுவுமே பேசாமல் அவள் மறைந்துவிடுகிறாள். ஆசிரியர் இதைத் தெரிந்தே செய்திருக்கலாம். பேச மொழியே கிடைக்காதவர்களும் இருந்தார்கள் என்பதை இந்த மௌனம் காட்டுகிறது என்று வாதிடவும் இடமுண்டு. அந்த வாதம் எனக்கு நிறைவளிக்கவில்லை. ஒலான்னாவின் மனவேதனைக்குத் தரப்பட்ட பக்கங்களில் ஐந்தாறு அமலாவுக்கும் கிடைத்திருக்கலாம்.

வரலாற்றுக்கும் கற்பனைக்கும் உள்ள உறவில் அடிச்சியின் நிலைப்பாடு தெளிவானது. என்சுக்காவில் இல்லாத ஒரு ரயில் நிலையத்தைத் தாம் கற்பனை செய்ததையும், ஊர்களுக்கு இடையிலான தொலைவையும் நகரங்கள் வீழ்ந்த வரிசையையும் மாற்றியதையும், பெருநிகழ்ச்சிகள் எதையும் புனையவில்லை என்பதையும் அவரே கூறியிருக்கிறார். போர் முடிந்து ஏழாண்டுகளுக்குப் பின், 1977இல் பிறந்தவர் அவர். தாத்தாக்கள் இருவருமே அந்தப் போரில் உயிர் பிழைக்கவில்லை என்பதை நூலின் காணிக்கைப் பக்கம் சொல்கிறது. நாவலில் வரும் ஒகியோமா என்ற கவிஞர், 1967இல் என்சுக்கா அருகே போர்முனையில் இறந்த கிறிஸ்டோபர் ஒகிக்போவை நினைவூட்டுகிறார். தான் காணாத ஒரு போரை, பெற்றோரின் நினைவுகளிலிருந்தும் ஏராளமான நூல்களிலிருந்தும் திரட்டி எழுதியவரின் கவனம் சிறு பொருள்களில் தெரிகிறது: நிவாரண மையத்தில் முட்டைப் பொடிக்கு நிற்கும் வரிசை, பதுங்குகுழியின் ஈரம், புரதக் குறைவால் வயிறு வீங்கி முடி செம்பட்டையாகும் குழந்தைகள், போர் முடிந்ததும் வங்கியில் எவ்வளவு பணம் இருந்திருந்தாலும் 20 பவுண்டு மட்டுமே தரப்பட்ட கொள்கை. வென்றவர் இல்லை, தோற்றவர் இல்லை என்று கூட்டாட்சித் தலைவர் யாகுபு கோவன் அறிவித்த அமைதியின் உண்மை விலை இந்தக் கடைசிச் செய்தியில் இருக்கிறது.

இக்போச் சொற்களும் தொடர்களும் ஆங்கில வாக்கியங்களுக்குள் தாராளமாக வருகின்றன. ஒடெனிக்போ ஒலான்னாவை ‘என்கெம்’ என்று அழைக்கிறார், ஊர்க்காரர்கள் ‘கெடு’ என்று நலம் விசாரிக்கிறார்கள். சூழலை வைத்தே பொருள் விளங்கிவிடுவதால் படிப்பது தடைப்படுவதில்லை. அடிச்சியின் ஆங்கிலம் எளிமையானது, வாக்கியங்கள் தெளிவானவை. கல்லூரி அளவில் ஆங்கிலம் படித்த எவரும் 400க்கும் மேற்பட்ட இந்தப் பக்கங்களை அகராதியின் துணை அதிகமின்றிக் கடக்கலாம். இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் காலம் திடீரென மாறும்போது சிலருக்குக் குழப்பம் வரக்கூடும். மூன்றாம் பகுதிவரை பொறுத்திருந்தால் அது தீர்ந்துவிடும். பியி பண்டேலே இயக்கி 2013இல் வெளிவந்த திரைப்படத்தை நாவலுக்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம். நைஜீரியத் தணிக்கை வாரியம் 2014இல் அதன் வெளியீட்டைத் தாமதப்படுத்தியது என்ற செய்தி, இந்தப் போர் அந்நாட்டில் இன்னும் எவ்வளவு ஆறாத புண் என்பதைக் காட்டுகிறது. ஆனால் படத்தில் காதலும் போர்க்காட்சிகளும் முன்னுக்கு வர, நாவலின் உயிரான உக்வுவின் எழுத்துப் பயணம் பின்னுக்குப் போய்விட்டது.

இந்த நாவலோடு சேர்த்துப் படிக்க ஒரு நூலைப் பரிந்துரைக்க வேண்டுமென்றால், கென் சாரோ-விவா 1985இல் வெளியிட்ட ‘சோசாபாய்’ நாவலைச் சொல்வேன். சாரோ-விவா ஒகோனி இனத்தவர். போரில் கூட்டாட்சியின் பக்கம் நின்றவர். பின்னாளில் தம் மக்களின் நிலத்துக்காகப் போராடி, 1995 நவம்பரில் ராணுவ ஆட்சியால் தூக்கிலிடப்பட்டவர். ‘அழுகிய ஆங்கிலத்தில் ஒரு நாவல்’ என்பதே அவர் தந்த துணைத்தலைப்பு. துக்கானா கிராமத்து இளைஞன் மேனே, எதற்காகச் சண்டை என்று அறியாமலேயே படையில் சேர்ந்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அடித்துச் செல்லப்படுவதைத் தன் சிதைந்த ஆங்கிலத்திலேயே சொல்லிப் போகிறான். அடிச்சி விட்டுவிட்ட சிறுபான்மையினரின் பார்வை அங்கே கிடைக்கும். பல்கலைக்கழக வரவேற்பறையின் பண்பட்ட ஆங்கிலத்தில் வந்த பியாஃப்ராவும், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவனின் பேச்சில் வரும் பியாஃப்ராவும் ஒன்றோடொன்று முரண்படும் இடங்கள் பல. அடிச்சியை முதலிலும் சாரோ-விவாவை அடுத்தும் படிப்பது நல்லது. ‘சோசாபாய்’ மொழிக்குக் காது பழக முதல் 20 பக்கங்கள் ஆகலாம், அவற்றை வாய்விட்டுப் படித்தால் விரைவில் பிடிபட்டுவிடும்.